மடையடி வயல்

வாய்க்கால் ஊரில் பிறந்தவன் கண்மாய் ஊருக்குப் போய் வயல் பொறுக்கக் கூடாது. இதை அப்போது யாராவது எனக்குச் சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தாலும் கேட்டிருக்க மாட்டேன், சொன்னவர் மேல் எரிந்து விழுந்திருப்பேன் என்பது வேறு விஷயம். இருபத்தைந்து வயதில் ஆரம்பப் பள்ளிக்கூடத்து வாத்தியார் வேலையும் மூக்குக்கு மேல் கோபமும்தான் என் சொத்து. இரண்டில் கோபத்தைத்தான் அதிகம் பயன்படுத்தினேன்.

எங்கள் ஊர் அறந்தாங்கிக்கு அந்தப் பக்கம். ஆற்றுத் தண்ணீர் வாய்க்கால் பிடித்து வந்து, வழியில் இருக்கிறவர்கள் எல்லாம் குடித்து மிச்சம் வைத்தால் எங்களிடம் வந்து சேரும். அதிலும் எங்கள் அப்பாவின் நிலம் கடைமடை. மேலே இருக்கிறவன் வயலில் தவளை கத்தும்; எங்கள் வயலில் மண் வெடித்துக் கிடக்கும். மண்வெட்டியும் கையுமாக அப்பா வாய்க்கால் கரையில் யாரோடாவது மல்லுக்கு நிற்பதைப் பார்த்துத்தான் நானும் அக்காவும் வளர்ந்தோம். கடைமடை என்ற சொல்லே எனக்கு ஆகாது.

அக்காவைக் கட்டிக் கொடுத்தது கொடும்பாளூர்ப் பக்கத்தில் ஒரு கிராமத்தில். அங்கே ஆறும் இல்லை, வாய்க்காலும் இல்லை. மழை பெய்து கண்மாய் பெருகினால் சோறு, இல்லாவிட்டால் கேழ்வரகுக் கூழ். அத்தான் கூடப் பிறந்தவர்கள் இரண்டு பேர். மூத்தவர் ஒருவர், இளையவர் ஒருவர், நடுவில் இவர். அதிர்ந்து பேசாத மனிதர். நாற்பத்தெட்டாம் வருஷம், புதுக்கோட்டை சமஸ்தானம் போய் அவர்களும் நாங்களும் ஒரே சர்க்காருக்குக் கீழே வந்த சமயத்தில், நான்கு நாள் காய்ச்சலில் போய்விட்டார். அக்காவுக்கு இருபத்தெட்டு வயது. நான்கு வயதில் ஒரு பெண் குழந்தை. ஆண் பிள்ளை இல்லை.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து உறவெல்லாம் கிளம்பிய பிறகு நான் உள்ளே போனேன். அக்கா அறை மூலையில் பாயில் உட்கார்ந்திருந்தாள். அந்த வீட்டு வழக்கப்படி ஒரு வருஷத்துக்கு அவள் நான்கு பேர் கூடும் இடத்துக்கு வரக் கூடாது, அவள் குரல் வாசலுக்குக் கேட்கக் கூடாது. "எங்ககூட வந்துரு அக்கா. அங்கிட்டு ஒரு வாய்க் கஞ்சிக்கா பஞ்சம்?" என்றேன்.

"வரமாட்டேன் தம்பி. ஒன் வீட்டுக் கஞ்சி எனக்கு எறங்கும். நாளைக்கு ஒனக்கு ஒருத்தி வருவா பாரு, அவ பாக்குற பார்வை எறங்காது. அவுக பாடுபட்ட மண்ணுல எனக்கு ஒரு துண்டு வாங்கிக் குடு. எங்க நெல்ல நாங்களே குத்திக் குடிச்சாப் போதும்."

அவள் கேட்டது அவ்வளவுதான். வாங்கித் தருகிறேன் என்று வீராப்பாகச் சொல்லிவிட்டு வந்தேன்.

வைகாசியில் பங்கு பிரிக்க நாள் குறித்து ஆள் அனுப்பினார்கள். நான் சண்டைக்குத் தயாராகத்தான் கிளம்பினேன். புருஷன் இல்லாதவள் பங்கு என்றால் எப்படியெல்லாம் ஏய்ப்பார்கள் என்று எங்கள் பக்கத்தில் கதை கதையாகக் கேட்டிருக்கிறேன். புதுக்கோட்டையில் இறங்கி மாறி ஏறிய, கரி எரித்து ஓடும் பஸ் இரண்டு இடத்தில் மூச்சுவிட முடியாமல் நின்றது. எல்லோரும் இறங்கித் தள்ளினோம். தள்ளும்போதுகூட, அவர்கள் இப்படிச் சொன்னால் நான் அப்படிச் சொல்ல வேண்டும் என்று மனதுக்குள் வக்கீல் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன்.

போன இடத்தில் சண்டைக்கு ஆளில்லை. அதுவே எனக்குப் பெரிய ஏமாற்றம்.

மாட்டுக் கொட்டகைக்கு முன்னால் கயிற்றுக் கட்டில்களைப் போட்டு ஊர்ப் பெரியவர்கள் நான்கைந்து பேர் உட்கார்ந்திருந்தார்கள். மூத்தவர் எடுத்த எடுப்பிலேயே சொன்னார்: "தம்பி இல்லாட்டியும் தம்பி பங்கு பங்குதான். மூணுல ஒண்ணு. அந்தப் புள்ள உசுரோட இருக்குற வரைக்கும் அனுபவிக்கட்டும். அதுக்குப் பெறகு நெலம் குடும்பத்துக்குத் திரும்பட்டும்." ஆண் பிள்ளை இல்லாத விதவைக்கு வருஷத்துக்கு இரண்டு மூட்டை நெல் என்று பேசி முடிக்கிற காலம் அது. மூன்றில் ஒரு பங்கு என்பது தாராளம். தாராளத்தைக் கண்டதும் எனக்குச் சந்தேகம்தான் வந்தது.

அந்த ஊர் வழக்கம் மூத்தவர் பங்கு வைக்க வேண்டும், இளையவர் முதலில் எடுக்க வேண்டும். வைக்கிறவருக்குக் கடைசியில் மிஞ்சுவதுதான் கிடைக்கும் என்பதால் அவர் ஓரவஞ்சனை செய்ய மாட்டார். மூன்று பங்கும் ஒரே கண்மாயின் கீழ், ஒரே அளவு, ஏக்கருக்குக் கொஞ்சம் கூட. ஒன்று தண்ணீர் திறந்துவிடும் மடைக்கு நேர் கீழே கரையை ஒட்டி இருந்தது. அதை மடையடி என்பார்கள். இன்னொன்று நடுவில். மூன்றாவது கடைமடையில். இளையவர் எழுந்து, "எனக்கு முந்தி அண்ணி எடுத்துக்கிறட்டும்" என்று விட்டுக்கொடுத்தார். இவன் எதற்கு விட்டுக்கொடுக்கிறான் என்று நான் அதற்கும் முறைத்தேன். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்.

காலையிலேயே மூன்று வயலையும் சுற்றிப் பார்த்திருந்தேன். வைகாசி வெயிலில் கண்மாய் வறண்டு உள்ளே ஆடு மேய்ந்துகொண்டிருந்தது. மடையடி வயலில் மண் கறுப்பாக, கையில் அள்ளினால் வெண்ணெய் மாதிரி இருந்தது. கடைமடையில் வெளுத்த களிமண், கால் வைத்தால் குத்தியது. இதற்கு மேல் யோசிக்க என்ன இருக்கிறது? தண்ணீர் முதலில் பாயும் இடம் எதுவோ அதுதான் நிலம். எங்கள் ஊரில் குழந்தையைக் கேட்டாலும் அதைத்தான் சொல்லும்.

"மடையடி" என்றேன்.

கட்டில்களில் ஒரு சலசலப்பு. மூத்தவர் என் பக்கம் திரும்பினார். "பாத்துத்தான் சொல்றீங்களா மாப்பிள்ளை?"

"சுத்திப் பாத்துட்டுத்தான் சொல்றேன் மச்சான்."

அப்போது மூத்தவரின் மனைவி செம்பில் தண்ணீரோடு வந்து என் பக்கம் குனிந்து மெதுவாகச் சொன்னார்: "ஒங்க அக்கா ஒங்கள உள்ள வரச் சொல்லுது."

"அப்புறம் வர்றேன்னு சொல்லுங்க."

"நல்லா ரோசிச்சுக்கங்க மாப்பிள்ளை" என்று மூத்தவர் மறுபடி ஆரம்பித்தார். "அவசரம் ஒண்ணும் இல்ல. கடமடையையும் ஒரு தடவ பாத்துட்டு..."

கடைமடை என்று அவர் சொன்னதும் எனக்குள் எங்கள் அப்பா மண்வெட்டியோடு எழுந்து நின்றார். "எங்க அக்கா கைம்பொண்ணுன்னா கடமடையத் தள்ளிவிட்டுரலாம்னு பாக்குறீங்களா?" என்று கத்தினேன். கட்டிய மாடு மிரண்டு திரும்பிப் பார்த்தது. அவர் எவ்வளவுக்கு எவ்வளவு தடுக்கிறாரோ அவ்வளவுக்கு அந்த வயல் ஒசத்தி என்று எனக்கு உறுதியாகிவிட்டது. செம்போடு வந்தவர் இன்னும் போகாமல் நின்றுகொண்டிருந்தார். "ஒரு நிமிசம் வந்துட்டுப் போகச் சொல்லுது" என்றார் மறுபடி. "பேசிக்கிட்டிருக்கேன்ல?" என்று அவர் மேலும் பாய்ந்தேன்.

மூத்தவர் அடுத்து இளையவரை எடுக்கச் சொன்னார். நடுவயல் அவருக்கு, கடைமடை இளையவருக்கு என்று முடிந்தது.

பத்திரம் எழுதும்போது என் கெட்டிக்காரத்தனம் இன்னும் ஒரு படி ஏறியது. நாளைக்கு இவர்கள் நைச்சியம் பேசி அக்காவிடமிருந்து மடையடியை வாங்கிக்கொண்டு கடைமடையைத் தலையில் கட்டிவிட்டால்? பத்திரம் எழுதுகிறவரிடம் ஒரு வரி சேர்க்கச் சொன்னேன்: இந்தப் பங்கை எக்காலத்திலும் எக்காரணம் கொண்டும் எவரும் மாற்றிக் கொடுக்கவோ மாற்றி வாங்கவோ கூடாது. எழுதியவர் நிமிர்ந்து பார்த்தார். "நல்லா அழுத்தி எழுதுங்க" என்றேன். எல்லோரும் கையெழுத்துப் போட்டார்கள்.

அக்காவின் கைநாட்டுக்காகக் காகிதத்தையும் மையையும் எடுத்துக்கொண்டு நான்தான் உள்ளே போனேன். "எந்த வயலு?" என்று கேட்டாள்.

"மடையடி! நம்ம அப்பா ஆயுசு பூரா ஏங்கின எடம்."

அவள் என் முகத்தையே பார்த்தாள். பிறகு கட்டை விரலை மையில் தொட்டு, காட்டிய இடத்தில் வைத்தாள். விரலைச் சேலையில் துடைத்துக்கொண்டே, "சாப்டியா?" என்றாள். நன்றியில் பேச்சு வரவில்லை என்று நினைத்துக்கொண்டேன். இரண்டு தரம் சோறு வாங்கிச் சாப்பிட்டேன்.

அந்த ஐப்பசியில் மழை கொட்டியது. கண்மாய் பெருகிக் கலிங்கு வழியாகத் தண்ணீர் வெளியே போனதாகக் கடிதம் வந்தது. என் அக்கா வயலுக்கு இனி என்ன குறை என்று பள்ளிக்கூடத்தில் பார்த்தவரிடமெல்லாம் சொன்னேன். தை மாதம், கதிர் முற்றியிருக்கும் என்று ஆசை ஆசையாகப் போனேன். ஊரெல்லாம் நெல் தலை சாய்ந்து நின்றது. அக்கா வயலில் மட்டும் பயிர் மஞ்சள் பூத்து, முழங்கால் உயரத்தில் நோயாளி மாதிரி நின்றது. இறங்கினேன், தொடை வரை உள்ளே போய்விட்டது. ஒரு செடியைப் பிடுங்கினால் வேர் அழுகிக் கையோடு வந்தது.

நான் சேற்றுக் காலோடு நேரே மூத்தவர் வீட்டுக்குப் போனேன். மடையைத் திறந்துவிட்டு வேண்டுமென்றே வயலை மூழ்கடித்துவிட்டார்கள் என்று தெருவே கூடும்படி கத்தினேன். ஒரு பெண்பிள்ளை வாயில் மண் போட்டவர்கள் என்றேன். இன்னும் என்னென்னவோ சொன்னேன், எழுத முடியாது. அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "வாங்க" என்று கரைக்குக் கூட்டிப்போனார்.

"மட மூடித்தான் கெடக்கு, பாருங்க."

மூடித்தான் கிடந்தது. ஆனால் கரையின் அடியில், மண்ணிலிருந்து வியர்வை மாதிரி தண்ணீர் சுரந்து வயலுக்குள் இறங்கிக்கொண்டிருந்தது.

"கண்மா நெறஞ்சா கரை கசியும். தை முடியுற வரைக்கும் மடையடி காயாது. இது எங்க தாத்தா காலத்துலேருந்து இப்பிடித்தான்."

"தெரிஞ்சுக்கிட்டே ஏன் சொல்லல?"

"கேட்டேனே" என்றார். "பாத்துத்தான் சொல்றீங்களான்னு கேட்டேன். ரோசிச்சுக்கங்கன்னேன். கடமடையப் பாருங்கன்னேன். அதுக்கு மேல நான் பேசுனா எனக்கு அந்த வயல் மேல ஆசைன்னு சொல்லுவீங்க. சொல்லவும் செஞ்சீங்க."

கோபத்துக்கு எப்போதும் ஒரு ஆள் வேண்டும். ஆளில்லாத கோபத்தை வைத்துக்கொண்டு ஒரு மனிதன் என்ன செய்வான்? கரையில் கிடந்த கல்லைக் காலால் எற்றினேன். கால் வீங்கியதுதான் மிச்சம்.

மழை கூடிப்போன வருஷம்தான் இப்படி, குறைந்த வருஷத்தில் மடையடிதான் ராஜா என்று என்னையே தேற்றிக்கொண்டேன். அடுத்து ஒரு வருஷம் மழை பொய்த்தது. கண்மாயில் கால்வாசித் தண்ணீர். இப்போது பார் என்று வந்து நின்றேன். அப்போதுதான் அந்த ஊரின் இன்னொரு சட்டம் தெரிந்தது. தண்ணீர் குறைந்த வருஷம் முறை கடைமடையிலிருந்து ஆரம்பிக்கும். மேலே இருக்கிறவனுக்கு ஈரம் கொஞ்சமாவது தங்கும், அவன் பொறுத்துக்கொள்வான் என்று எந்தக் காலத்திலோ யாரோ வைத்த ஏற்பாடு. கடைமடை பாய்ந்து, நடுவயல் பாய்ந்து, மடையடிக்கு முறை வந்தபோது கண்மாயில் சேறுதான் இருந்தது. நிறைந்தால் அழுகல், குறைந்தால் காய்ச்சல். அளவாகப் பெய்கிற வருஷத்தில் மட்டும் அரை விளைச்சல். மழை என் அக்காவுக்காக அளந்தா பெய்யும்? சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொள்வது என்பார்களே, அதை நான் இன்னொருத்தி காசில் வைத்திருந்தேன்.

அதன் பிறகு வருஷா வருஷம் அறுப்பு முடிந்ததும் எங்கள் ஊரிலிருந்து அரிசி மூட்டை பஸ் கூரையில் ஏறி அக்கா வீட்டுக்குப் போனது. எந்த அரிசியை அவள் வேண்டாம் என்றாளோ அதே அரிசி. முதல் மூட்டையை நானே சுமந்துபோய் இறக்கினேன். "வச்சுட்டுப் போ" என்றாள். திட்டியிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும்.

ஒரு கார்த்திகையில் நான் போனபோது வீடு பூட்டியிருந்தது. தேடிக்கொண்டு வயற்காட்டுக்குப் போனேன். கடைமடையில் இளையவர் வயலில் பெண்கள் வரிசையாகக் குனிந்து களை எடுத்துக்கொண்டிருந்தார்கள். அந்த வரிசையில் அக்காவும் இருந்தாள், கூலிக்கு. பயிர் கரும்பச்சையாக அவள் இடுப்பு வரை நின்றது. வெளுத்த களி என்று நான் ஒதுக்கிய மண், ஒரு தடவை குடித்த தண்ணீரைப் பதினைந்து நாள் விடாமல் வைத்திருக்கும் என்று பக்கத்தில் நின்ற ஒரு கிழவி எனக்குப் பாடம் எடுத்தாள். தலையாட்டிவிட்டு, அக்கா நிமிர்வதற்குள் திரும்பிவிட்டேன். புதுக்கோட்டை பஸ் ஸ்டாண்டு வரை யாரோடும் பேசவில்லை. டிக்கெட் கேட்ட கண்டக்டரிடம் மட்டும் சண்டை போட்டேன்.

மாற்ற முயலாமல் இல்லை. இளையவரிடம் வாய்விட்டே கேட்டேன். "எனக்கு என்ன வருத்தம்? ஆனா பத்திரத்துல மாத்தப்படாதுன்னு நீங்கதான எழுதச் சொன்னீங்க?" என்றார் மிக மரியாதையாக. பத்திரம் இடம் கொடுத்தாலும் அவர் மனசு இடம் கொடுத்திருக்காது. விளைகிற வயலைக் கொடுத்து விளையாததை யார் வாங்குவார்? ஆனால் அந்த மரியாதையான பதிலை அவருக்கு எழுதிக் கொடுத்தவன் நான். தாலுகா கச்சேரிக்குப் போனேன். சமஸ்தானத்துப் பத்திரமா, புது சர்க்கார்ப் பத்திரமா என்று கேட்டு, திருச்சிக்கு எழுதிப் போடச் சொன்னார்கள். திருச்சியிலிருந்து புதுக்கோட்டையில் கேட்கச் சொல்லிப் பதில் வந்தது. ஒரு வக்கீல் பத்திரத்தைப் படித்துவிட்டு, "வாழ்நாள் அனுபவம் மட்டும் உள்ளவங்க நிலத்தை மாத்த முடியாதே. அதுக்கு மேல இந்த வரி வேற. இவ்வளவு கெட்டியா யார் எழுதினது?" என்று சிரித்தார். யாரோ ஒரு மடையன் என்று சொல்லிவிட்டு எழுந்து வந்தேன்.

இப்படியே பத்துப் பன்னிரண்டு வருஷம் ஓடியது. அக்கா மகளைக் கட்டிக் கொடுத்தோம். கல்யாணச் சோற்றுக்கு அரிசி எங்கள் ஊரிலிருந்துதான் வந்தது. பந்தியில் யாரோ, "அரிசி நல்லா இருக்கே, எந்த வயலு?" என்று கேட்டார்கள். அக்கா கேட்காதவள் மாதிரி குழம்பு வாளியை எடுத்துக்கொண்டு அடுத்த இலைக்குப் போய்விட்டாள்.

இதற்கிடையில் புதுச் சட்டம் வந்தது. ஜீவனத்துக்கு ஒதுக்கிய நிலம் இனி அந்தப் பெண்ணுக்கே முழுச் சொந்தம் என்றார்கள். அந்த வக்கீலிடமே மறுபடி போனேன். "இப்ப அவங்க நெலம் அவங்களோடது. மூணு பேரும் மனசொத்து வேற பத்திரம் எழுதிக்கிட்டா பழைய வரி நிக்காது" என்றார். மனசொத்து என்ற இடத்தில்தான் வண்டி நின்றுகொண்டிருந்தது. அதுவும் ஒரு நாள் தானாக நகர்ந்தது. அறுபதுகளின் தொடக்கம்; ஊருக்கு ஊர் கிணறு வெட்டி ஆயில் எஞ்சின் வைக்கிற வேகம். இளையவர் என்னைத் தேடி அறந்தாங்கிக்கே வந்துவிட்டார். "மடையடிய எனக்கு மாத்திக் குடுத்துருங்க மச்சான், கடமடைய அண்ணி எடுத்துக்கிறட்டும்" என்றார். என்னைவிட இரண்டு வயது மூத்தவர். அது வரை அவர் என்னை மச்சான் என்று கூப்பிட்டதே இல்லை. பழம் நழுவிப் பாலில் விழுந்தது என்று நான் காப்பி வாங்கிக் கொடுத்து, பேச்சை அங்கேயே முடித்துவிட்டேன். வயலுக்கு வயல், நேருக்கு நேர். பழைய பாவம் ஒரே கையெழுத்தில் தீர்ந்தது என்று சந்தோஷத்தில் எனக்குக் கண்ணே கலங்கியது.

பத்திரம் எழுதுகிற நாளில் முதல் பஸ்ஸில் போய் இறங்கினேன். அதே மாட்டுக் கொட்டகை, புதுக் கட்டில்கள். மூத்தவருக்குத் தலை முழுக்க நரைத்திருந்தது. நான் நேரே அக்காவிடம் போய் விஷயத்தைக் கொட்டினேன். நாற்பதைத் தாண்டியிருந்தாள், வெயிலில் கறுத்து மெலிந்திருந்தாள். அடுப்படியில் நின்று எல்லாவற்றையும் கேட்டாள்.

"எதுக்கு மடையடி வேணுமாம் அவுகளுக்கு?"

"கெணறு வெட்டி எஞ்சின் வைக்கப் போறாராம். எதுக்கா இருந்தா நமக்கென்ன? பீடை தொலையுதுன்னு குடுத்துருவோம். வா, நேரமாச்சு, நான் போய்ப் பேசி முடிச்சுர்றேன்."

அவள் கையைக் கழுவினாள். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள். "நீ இங்கிட்டு உக்காரு. நான் போய்ப் பேசிட்டு வாரேன்" என்றாள்.

"நீயா? அத்தனை ஆம்பளைங்க உக்காந்திருக்காக."

"இருக்கட்டும். நீ வந்தா சத்தம் போடுவே."

தட்டில் சோற்றை வைத்து என் முன்னால் தள்ளிவிட்டு வெளியே போய்விட்டாள். நான் அதே அறையில், அவள் அன்று உட்கார்ந்திருந்த மூலைக்கு எதிரே உட்கார்ந்தேன். சோறு இறங்கவில்லை. சுவருக்கு அந்தப் பக்கம் பேச்சு கேட்டது. என்ன பேச்சு என்று கேட்கவில்லை. ஒரு தடவை இளையவர் குரல் உயர்ந்தது. பிறகு மூத்தவர் ஏதோ சொன்னார். பிறகு அக்காவின் குரல், நிதானமாக, நீளமாக. அந்தக் குரல் அவ்வளவு நேரம் தொடர்ந்து பேசி நான் கேட்டதே இல்லை. கெடுத்துவிடப் போகிறாள், கனிந்து வந்ததைக் கெடுத்துவிடப் போகிறாள் என்று எனக்குப் பதறியது. எழுந்து வாசல் வரை போனேன், திரும்பினேன். மூத்தவரின் மனைவி தண்ணீர் எடுக்க உள்ளே வந்தார். வயதாகியிருந்தார், கையில் அதே செம்பு.

"அக்காவ ஒரு நிமிசம் உள்ள வரச் சொல்லுங்க" என்றேன்.

போனார். செம்போடு திரும்பி வந்தார். "அப்புறம் வருதாம்" என்றார். சொல்லும்போது அவருக்குச் சிரிப்பு வந்தது, முந்தானையால் வாயை மூடிக்கொண்டார். எனக்கு அப்போது சிரிப்பும் புரியவில்லை, ஒன்றும் புரியவில்லை. எரிச்சல்தான் வந்தது.

வெகுநேரம் கழித்து அக்கா பத்திரத்தோடு உள்ளே வந்தாள். கட்டை விரலில் மை இருந்தது, கைநாட்டை வெளியிலேயே வைத்துவிட்டாள்.

"என்ன பண்ணுனே?"

"கடமடை எனக்கு. மடையடி அவுகளுக்கு. வெட்டுற கெணத்துத் தண்ணி வாரத்துல ஒரு நாள் எம் வயலுக்கு. எஞ்சின் அவுகளோடது, எண்ணெய் நான் ஊத்திக்கிறேன். மழை இல்லாத வருசம் ரெண்டு நாள்."

"கெணத்துத் தண்ணியா? அதை எப்படி ஒத்துக்கிட்டாரு?"

"ஒத்துக்காம? அந்தக் கரையடியில எந்த எடத்துல கடப்பாறையப் போட்டாலும் தண்ணி பீச்சும். ஊர்ல வேற எங்கிட்டும் அப்பிடி ஒரு எடம் இல்ல. பதிமூணு வருசமா அந்தச் சேத்துல நின்னவளுக்குத் தெரியாதா? மொதல்ல குதிச்சாரு. பெரியவுகதான், அது கேக்குறது நியாயம்டான்னு அடக்குனாக."

நான் வயலுக்கு வயல் என்று காப்பிக் கடையில் முடித்துவிட்டு வந்த விஷயத்தை அவளிடம் சொல்லவில்லை. இன்று வரைக்கும் சொல்லவில்லை. பத்திரத்தை வாங்கிப் படித்தேன். ஒரு வரி விடாமல் அவள் சொன்னது சொன்னபடி இருந்தது. படித்து முடித்தும் நிமிர முடியவில்லை.

"இவ்வளவு தெரிஞ்சவ அன்னைக்கு ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா அக்கா?" என்று கேட்டேன். அப்போதும் குரல் கோபமாகத்தான் வந்தது.

"கூப்பிட்டேனே தம்பி" என்றாள். "ரெண்டு தடவ கூப்பிட்டேன்."

வெளியே யாரோ பத்திரம் ஆச்சா என்று குரல் கொடுத்தார்கள். நான் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்துத் திறந்தேன். எங்கே போடுவது என்று தெரியாத மாதிரி காகிதத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். எழுதப் படிக்கத் தெரியாத என் அக்கா மை பட்ட விரலை நீட்டி இடத்தைக் காட்டினாள்.

"இங்கிட்டு இல்ல. கீழ, சாட்சிக்காரவுக எடத்துல."